எட்வின் மேசைக்குப் பில் போகவில்லை

எங்கள் கடையில் கேட்காமல் பில் வைக்க மாட்டோம். எங்கள் கடை என்றில்லை, எங்கள் ஊர் ஹெரெஸில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் அப்படித்தான். சாப்பிட்டு முடித்தவன் முன்னால் பில்லை நீட்டுவது, எழுந்து போ என்று முதுகில் கை வைத்துத் தள்ளுவது மாதிரி. சாப்பிட்டபின் பல் குத்தலாம், பேப்பர் படிக்கலாம், தூங்கக்கூடத் தூங்கலாம். பெரியவர் டான் டோமாஸ் தூங்குவார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசல் மேசையில் சாப்பிட்டு முடித்து, ஸ்டியரிங் பிடித்த மாதிரி இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு தினமும் ஒரு தூக்கம். விழித்ததும் கையைத் தூக்கி, காற்றில் கையெழுத்துப் போடுவதுபோல் விரலை ஆட்டுவார். அதற்குப் பிறகுதான் பில் போகும்.

உங்களுக்கு இது தெரியாதது ஆச்சரியமில்லை. உங்கள் ஊரில் கடைசி வாய் தொண்டையில் இறங்குவதற்குள் பில் வந்துவிடும். நான் உங்கள் இல்லினாயில் ஒரு செமஸ்டர் படித்தவள். முதல் முறை அப்படி வந்தபோது, ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன், துரத்துகிறார்கள் என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது. பிறகு பழகிக்கொண்டேன். ஆக, இரண்டு பக்கத்து வழக்கமும் தெரிந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

நீங்கள் எட்வினின் அக்கா. விமானம் ஏறி இந்த மான்டெர்ரே வரைக்கும் வந்து, என் கம்பெனி வாசலில் நின்று, அன்று உங்கள் தம்பிக்கு எங்கள் கடையில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். கேட்டவிதம் மரியாதையாக இருந்தது. அதனால் சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கடையில் டாக்கோ சுமார்தான். வெங்காயம் போட்டதை மட்டும் சாப்பிடுங்கள்.

உங்கள் தம்பியும் என் அக்கா லுசேரோவும் பழகியது எங்கள் ஊருக்கே தெரியும். வசந்தத் திருவிழாவுக்கு வந்தவன் எங்கள் கடையில் கறி அடைத்த ரொட்டி ஒன்று வாங்கினான். மறுநாள் மூன்று. அதற்கடுத்த நாள், சாப்பிடவே முடியாத அளவுக்கு வாங்கி, குதிரைக்காரர்களுக்கெல்லாம் தானம் பண்ணினான். அப்புறம் இரண்டு வருஷம் போனிலேயே குடும்பம் நடந்தது. லுசேரோ ரொட்டிக்கல் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு ரொட்டி தட்டுவாள். அவன் அங்கே ஏதோ ஒரு வீட்டுக் கூரையில் ஏசி ரிப்பேர் பண்ணிக்கொண்டே பார்ப்பான். மாவு தட்டுவதை மணிக்கணக்கில் பார்க்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

பெண் கேட்க ஒரு சனிக்கிழமை வந்தான், தனியாக. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதுதான் முறை. ஆனால் உங்கள் அப்பா அம்மாவிடம் அந்தப் பக்கத்துக் காகிதம் எதுவும் இல்லை, எல்லையைத் தாண்டி வந்தால் திரும்பிப் போக முடியாது. எங்கள் அப்பா டான் இலாரியோ அதைப் புரிந்துகொண்டார். "தனியா வர்றானா? வரட்டும். தைரியம் இருக்கு" என்றார்.

லுசேரோ அவனுக்கு ஒரு மாதமாகப் பாடம் எடுத்தாள். "முதல்ல உக்காந்து சாப்பிடு. எல்லாரையும் மாதிரி காசு குடு. அப்புறம் எழுந்து கல்லாகிட்ட போய் அப்பாகிட்ட பேசு. தட்டு முன்னாடி இருக்கிறவன்கிட்ட அப்பா எந்தக் காரியமும் பேச மாட்டாரு. அவன் விருந்தாளியாம். காசு குடுத்து எழுந்தவன்தான் அவருக்குச் சமமா நிக்க முடியுமாம்."

எல்லாம் சொன்னவள், பில்லை நீதான் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அவள் ஹெரெஸைத் தாண்டி எங்கும் சாப்பிட்டதில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது.

அவன் வந்தபோது கடை நிரம்பியிருந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, புது பூட்ஸ். பூட்ஸ் கடித்தது என்பது நடையிலேயே தெரிந்தது. டான் டோமாஸ் விடவில்லை.

"மாப்ள, நீ பூட்ஸ நடத்துறியா, பூட்ஸ் உன்ன நடத்துதா?"

"ரெண்டு பேரும் இன்னும் பேசி முடிவுக்கு வரல, சார்" என்றான் எட்வின்.

கடையே சிரித்தது. நல்ல பையன்தான். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை.

ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தான். நான் தண்ணீர் வைத்தேன். "சாப்பாட்டுக்கு முன்னாடி சிப்ஸ் வருமா?" என்று கேட்டான்.

"சிப்ஸ் பள்ளிக்கூட வாசல்ல விக்கிறாங்க. ஓடிப்போய் வாங்கிட்டு வரட்டுமா?"

அதற்கும் சிரித்தான். பச்சை மிளகாய் சல்சாவைக் காட்டி, "இது காரமா?" என்றான்.

"காரமே இல்ல."

இதை நாங்கள் எல்லோருக்கும்தான் சொல்வோம், அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. இரண்டு ஸ்பூன் ஊற்றிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கல்லாவிலிருந்து அப்பா என்னைக் கூப்பிட்டார். "என்னடி, அழுறான்?"

"கல்யாணக் கறி வச்சிருக்கோம்லப்பா. உணர்ச்சிவசப்பட்டிருப்பான்."

அப்பாவுக்கு அது பிடித்தது.

கல்யாணக் கறி எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வைக்கிறது. காய்ந்த சிவப்பு மிளகாயும் ஆரஞ்சுத் தோலும் போட்ட பன்றிக் கறி. சனிக்கிழமை மெனுவில் அது கிடையாது. லுசேரோ விடியற்காலையிலேயே பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டாள். அப்பா மூடியைத் திறந்து பார்த்தார், உள்ளே போய் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் என்னிடம் ஒரு மெஸ்கால் சாராய பாட்டிலையும் இரண்டு சின்னக் குவளையையும் கொடுத்துத் துடைத்துக் கல்லாவுக்கு அடியில் வைக்கச் சொன்னார். துடைத்து வைத்தேன். பளபளவென்றுதான் துடைத்தேன்.

ஆக, அப்பாவின் பதில் என்ன என்பது எனக்குக் காலையிலேயே தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். உணவுத் தொழில்நுட்பத்தில் இஞ்சினியர். பட்டம் வாங்கி வந்து ஒரு வருஷமாக நான் தூக்கியது தட்டு. டான் டோமாஸ் தினமும், "இஞ்சினியரம்மா, இந்த சூப்புல எத்தன டிகிரி சூடுன்னு கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அவர் சூப்பைக் கொஞ்சம் ஆறவிட்டுக் கொண்டுபோவேன். அந்த மாதம்தான் இங்கே மான்டெர்ரேயில், இந்தக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. பாட்டில் சல்சா தயாரிக்கிறோம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பா என்ன சொல்வார் என்று தெரியும். பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான். "ரெண்டு பேர்ல ஒருத்தி எங்க வேணாலும் போகலாம். ஒருத்தி இருக்கணும். நான் ஒருத்தனா அடுப்பையும் கல்லாவையும் பாக்க முடியாது."

ஒருத்தி போகலாம். அவன் அந்தச் சனிக்கிழமை கேட்டுவிட்டால் அந்த ஒருத்தி லுசேரோ. நியாயமாக யோசியுங்கள். அவள் படித்தது ஒன்பதாவதுவரை. உங்கள் ஊர் அரோராவுக்குப் போய் என்ன செய்வாள்? வேறு யாருடைய கடையிலோ ரொட்டி தட்டுவாள். ரொட்டிதான் தட்ட வேண்டும் என்றால் சொந்தக் கடையில் தட்டலாமே. எனக்கு இருப்பது பட்டம். அதைக் கொண்டுபோய் கல்லாவில் உட்காரவைப்பது வீண்.

அதனால் நான் ஒன்றும் செய்யவில்லை. நிஜமாகவே அவ்வளவுதான் ஆரம்பத்தில். பில் கொண்டுபோகவில்லை. அவன் கேட்கவில்லை, நான் வைக்கவில்லை. ஊர் வழக்கம்.

அரிசிப் பாயசம் வந்தது, போனது. பட்டை போட்ட பானைக் காபி வந்தது. இரண்டாவது காபி. அவன் பணத்தை எடுத்துத் தயாராக உள்ளங்கையில் மடித்து வைத்திருந்தான். அப்பா கல்லாவில் தொப்பியோடு நிமிர்ந்து உட்கார்ந்து, பல்குச்சி டப்பாவைக் காலி பண்ணி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒருத்தர் பில் வரும் என்று காத்திருக்கிறார், இன்னொருத்தர் பில் கேட்பான் என்று காத்திருக்கிறார். நடுவில் நான் ஜாடியோடு நடந்துகொண்டிருக்கிறேன். வேடிக்கையாகத்தான் இருந்தது. டான் டோமாஸ் தூங்கி எழுந்து, "இன்னும் இங்கதான் இருக்கியா? நான் ஸகாடேகாஸ் வரைக்கும் ஒரு டிரிப் அடிச்சிட்டே வந்துட்டேன்" என்றார்.

எட்வின் என்னை மெதுவாகக் கூப்பிட்டான். "பில் எப்ப வரும்?"

"வரும். கேக்காதீங்க. இங்க அதக் கேட்டா மரியாதை இல்ல."

"ஓ. மன்னிச்சிருங்க, எனக்குத் தெரியாது."

"எப்படித் தெரியும்? நீங்க இங்க வளரலையே."

அவன் காது சிவந்தது. அங்கே பிறந்த நம் பிள்ளைகளிடம் இது ஒன்று உண்டு. சொந்த ஊர் வழக்கம் என்று எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்கள். இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கவும் மாட்டார்கள். கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும். பக்கத்து மேசையில் ஒருத்தர் எல்லோரும் பார்க்கக் காற்றில் கையெழுத்துப் போட்டுப் பில் வாங்கினார். எட்வின் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மரியாதையாகத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுக்களைக்குள் போனேன். லுசேரோ ஏப்ரனுக்கு உள்ளே, அன்றைக்கென்றே வைத்திருந்த நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். மாவு படக்கூடாது என்று கழுத்துவரை துணி சுற்றியிருந்தாள். பெண் கேட்கும்போது அப்பா கூப்பிட்ட பிறகுதான் பெண் வெளியே வரவேண்டும். அவள் அதில் ரொம்பக் கண்டிப்பு.

"என்ன பண்றான்?"

"சாப்பிடறான்."

"இன்னுமா? அவ்வளவு பிடிச்சிருக்கா?" சிரித்தாள். "தனியா விட்டுறாதடி. அவனுக்கு இங்க ஒண்ணும் தெரியாது. நீதான் அந்தப் பக்கம் போய் வந்தவ, நீ பாத்துக்கோ."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

கல்லாவில் அப்பா குரலைத் தாழ்த்தி, "கேட்டானா?" என்றார்.

"இல்லப்பா. போன்ல ஏதோ விளையாடறான்."

"பயந்துட்டான்டி பாவம். நானே போய் எதிர்ல உக்காரட்டுமா?"

அவராக ஒரு விருந்தாளியின் மேசைக்குப் போவதாக என் வாழ்க்கையில் அன்றுதான் சொன்னார். ஒரு காலைத் தரையில் ஊன்றியும்விட்டார். "நீங்க போனா, பொண்ண எப்படியாவது தள்ளிவிடப் பாக்கறாங்கன்னு நெனச்சுக்குவான்" என்றேன். அப்பா காலை எடுத்துக்கொண்டார்.

விமானத்துக்குப் போக வேண்டிய டாக்ஸி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. எட்வின் எழுந்தான். "பரவாயில்ல, பில் அப்புறம் வரட்டும். நான் நேரா அவர்கிட்ட பேசிடறேன்" என்றான். நல்ல முடிவுதான். அந்த ஒரு நிமிஷம் அவனுக்கு நிஜமாகவே தைரியம் வந்திருந்தது.

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "நான் சொல்லக்கூடாது. ஆனா உங்களப் பாத்தா பாவமா இருக்கு. இங்க பொண்ணோட அப்பா இல்லன்னு வாயால சொல்ல மாட்டாரு. பில் அனுப்ப மாட்டாரு. உன் காசு எனக்கு வேணாம், போயிட்டு வான்னு அர்த்தம். அதான் பதில்."

எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. எந்த ஊரிலும் இருக்காது என்று நினைக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கே தோன்றியது. ஆனால் சொல்லும்போது ரொம்பப் பழையதாக, உண்மையானதாகத்தான் ஒலித்தது.

அவன் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "லுசேரோவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா வெளியில வராம இருக்கா?"

மடித்து வைத்திருந்த நோட்டைப் பார்த்தான். "இத மேசையில வச்சிட்டுப் போகட்டுமா?"

"வச்சா அவர அவமானப்படுத்தற மாதிரி."

பணத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எழுந்தான். கல்லாவைப் பார்த்தான். அப்பா, வந்துவிட்டான் என்று நினைத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பாட்டிலை எடுக்கப் போனார். அவர் நிமிர்வதற்குள் உங்கள் தம்பி சர்ச்சில் குனிகிற மாதிரி ஒரு தரம் தலை குனிந்துவிட்டு வெளியே போய்விட்டான். எங்கள் ஊரில் கடையைவிட்டுப் போகிறவர் மற்ற மேசைக்காரர்களைப் பார்த்து, நல்லா சாப்பிடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். நாயை அடிக்கிறவன்கூடச் சொல்வான். அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாதே.

"காசு குடுத்தானா?" என்று அப்பா கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. பாட்டிலை இருந்த இடத்தில் வைத்தார். "தின்னுட்டுப் போயிட்டான்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது, அன்றைக்கு முழுக்க. டான் டோமாஸ், "இஞ்சினியரம்மா, உனக்கு டிப்ஸ் கூட வைக்கலையா?" என்று ஆரம்பித்தார். யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

டாக்ஸி கிளம்பிய சத்தம் கேட்டு லுசேரோ யாரும் கூப்பிடாமலே வெளியே வந்தாள். கழுத்தில் சுற்றிய துணியைக் கழற்றியிருந்தாள். நீலச் சட்டையில் ஒரு பொட்டு மாவு இல்லை. அவன் உட்கார்ந்த மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாலைக் கூட்டத்துக்கு ரொட்டி வேண்டுமே.

விமான நிலையத்திலிருந்து அவன் கூப்பிடாமல் இருந்திருப்பானா என்று கேட்பீர்கள். கூப்பிட்டான். நாலைந்து தரம். லுசேரோ குளித்துக்கொண்டிருந்தாள், போன் அலமாரியில் அடித்தது. அவன் எண்ணைத் தடுத்து வைத்தது நான்தான். அவன் அனுப்பியிருந்த செய்திகளையும் அழித்தேன். போனைத் திறக்க நான் கஷ்டப்படவில்லை. ரகசிய எண் என் பிறந்த நாள், அவளே வைத்தது. குளித்துவிட்டு வந்து போனை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். அதற்குப் பிறகும் பல நாள் எடுத்துப் பார்த்தாள். அவளாகக் கூப்பிட அவளுக்கு ரோஷம் இடம் கொடுக்காது. அப்பாவை எல்லோர் முன்னாலும் தலைகுனியவைத்துவிட்டு, பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவனை எப்படிக் கூப்பிடுவாள்? அவளை எனக்குத் தெரியும். என்னை வளர்த்தவள். அம்மா செத்தபோது எனக்குப் பன்னிரண்டு, அவளுக்குப் பதினைந்து. ரெண்டு பேரில் ஒருத்தி படிக்கலாம் என்றார் அப்பா. "இவ படிக்கட்டும், இவ கேள்வி நிறைய கேக்கறா" என்று லுசேரோ சொன்னாள். மறுநாள் தன் பையிலிருந்த நோட்டையெல்லாம் என் பையில் மாற்றி வைத்துவிட்டு ரொட்டிக்கல்லுக்குப் போனாள். அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். கழுத்துவலிக்கு ஒரு களிம்பு அனுப்பினேன், நல்ல களிம்பு.

இப்படிப் பார்க்காதீர்கள். நான் உங்கள் தம்பியைக் கத்தியால் குத்தவில்லை. ஒரு பரீட்சை வைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு தூக்குகிற ஒருத்தி சொன்ன பேச்சைக் கேட்டு எழுந்து போகிறவன், நாளைக்கு வேறு எதைக் கேட்டு லுசேரோவை விட்டுப் போவான்? அடுக்களைவரை பத்தடி. நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் அக்காவை அப்படிப்பட்டவன் கையில் கொடுப்பதா? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மான்டெர்ரே வேலையைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். அப்பா லுசேரோவைப் பார்த்தார். லுசேரோ எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நீயாவது போடி" என்றாள்.

போனேன். வேலை நன்றாகப் போகிறது. போன மாதம் ஒரு புது சல்சாவுக்கு நான்தான் அளவு போட்டுக் கொடுத்தேன். காரம் குறைவு, வடக்கே விற்பதற்கு.

அவன் இன்னும் வேறு பெண் பார்க்கவில்லை என்கிறீர்கள். இங்கிருந்து நேராக ஹெரெஸுக்குப் பஸ் ஏறப்போகிறேன் என்கிறீர்கள். உங்கள் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அப்பா சம்மதமாகத்தான் இருந்தார் என்பதையும் சொல்லுங்கள், அவனுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் லுசேரோவிடம் போகாதீர்கள். எனக்காகச் சொல்லவில்லை. அவள் இப்போதுதான் போனை எடுத்துப் பார்ப்பதை நிறுத்தியிருக்கிறாள். அப்பாவுக்கும் வயதாகிறது. நீங்கள் போய் இதைச் சொன்னால் அவள் என்னோடு பேச மாட்டாள், அப்புறம் அவள் கதி என்ன? நிதானமாக யோசித்துப் பாருங்கள், அப்பாவும் போய்விட்டால் என்னைவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.